பார்த்தால் புரிகிறது, பேச வரவில்லை

கேள்வி: எனக்கு 34 வயது. ஆறு மாதமாக ஜெர்மன் படிக்கிறேன். ஒரு நாள் விடாமல் கைபேசிச் செயலியில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்கிறேன். எழுத்தில் பார்த்தால் புரிகிறது. ஆனால் சென்ற வாரம் ஒரு இணையவழிக் கூட்டத்தில் ஜெர்மன்காரர் ஒருவர், “இன்று என்ன செய்தீர்கள்?” என்று சாதாரணமாகக் கேட்டார். ஒரு வாக்கியம்கூட வரவில்லை. அழுகையே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு வேலைக்காக அங்கே போக வேண்டும். எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை மொழியே வராதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் வயதைத் தள்ளி வைத்துவிடுவோம். உச்சரிப்பில் குழந்தைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு, அது உண்மைதான். ஆனால் ஆரம்ப கட்டத்தில் சொற்களையும் இலக்கணத்தையும் பெரியவர்கள்தான் வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆறு மாதம் ஒரு நாள்கூட விடாமல் உட்கார்ந்தவருக்கு மொழி வராது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

செயலியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ‘டேர் ஷ்லுஸ்ஸெல்’ என்று திரையில் வருகிறது. கீழே கதவு, சாவி, ஜன்னல், மேசை என்று நாலு விடைகள். சாவியைத் தொடுகிறீர்கள், சரி என்று வருகிறது. ஒருவருடைய முகத்தைப் பார்த்ததும் ‘இவரைத் தெரியுமே’ என்று தோன்றுவதைப் போன்றது இது. பேசும்போதோ எதிரில் முகம் இல்லை. நீங்களே பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். முகம் தெரிந்தும் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுவது நமக்கெல்லாம் நடப்பதுதானே? இவை இரண்டும் வேறு வேறு திறமைகள். ஆறு மாதமாக நீங்கள் முதலாவதை மட்டுமே வளர்த்திருக்கிறீர்கள். அன்று அந்தக் கூட்டத்தில் உங்களிடம் கேட்கப்பட்டது இரண்டாவது.

அதனால் செயலிக்குப் பாதி நேரம் போதும். மீதிப் பாதியில், எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துப் பேசுங்கள். நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இது. இரவு படுக்கும் முன், அன்று நடந்ததை நாலு வாக்கியங்களில் சத்தமாக ஜெர்மனில் சொல்லுங்கள். அகராதி கையில் இருக்கக் கூடாது. ‘சாவியைத் தேடினேன்’ என்று ஆரம்பிப்பீர்கள், ‘தேடு’ என்பதற்குச் சொல் வராது. பரவாயில்லை, அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லையே போட்டு வாக்கியத்தை முடியுங்கள். நாலும் முடிந்த பிறகு, எங்கெங்கே மாட்டிக்கொண்டீர்களோ அந்தச் சொற்களை மட்டும் அகராதியில் பாருங்கள். ‘இஷ் ஸூகெ டேன் ஷ்லுஸ்ஸெல்’, நான் சாவியைத் தேடுகிறேன். இப்போது ‘ஸூகெ’ உங்களிடம் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் தேடித் தவித்த சொல் அல்லவா அது! கூடவே ‘டேர்’ எப்படி ‘டேன்’ ஆனது என்ற கேள்வியும் வரும். அப்போது இலக்கணப் புத்தகத்தின் அந்த ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், மண்டையில் ஏறும். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தபோது எனக்கு எதுவும் ஏறவில்லை.

அப்படிக் கிடைத்த சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதி வையுங்கள். முன்பக்கம் தமிழ் வாக்கியம், பின்பக்கம் ஜெர்மன் வாக்கியம். தனிச் சொல்லாக எழுத வேண்டாம். பெயர்ச்சொல்லை, அதன் முன்னால் வந்து பாலைக் காட்டும் டேர், டீ, டாஸ் இல்லாமல் எழுதவே வேண்டாம், பிறகு தனியாகச் சேர்த்துக்கொள்வது பெரும் பாடு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி எப்படி நடக்கிறது என்று 1885-இல் எழுதினார். படித்த உடனே மறதி வேகமாக இருக்கிறது, போகப் போகக் குறைகிறது. ஒரே நாளில் மொத்தமாகப் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படித்தால் நிற்கிறது. 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர் இதையே ஓர் அட்டைப்பெட்டி முறையாகப் பரப்பினார். பெட்டியில் சில அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறியது முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பாருங்கள், அடுத்தடுத்த அறைகளை மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று தள்ளிப் பாருங்கள். சொல்ல வராமல் பத்து விநாடி திணறுவீர்கள். உடனே அட்டையைத் திருப்பிவிடாதீர்கள். அந்தத் திணறலில்தான் நினைவு பலப்படுகிறது.

இன்னொன்று. தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஜெர்மனுக்குப் போகும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உங்களுக்கும் இருந்தால் விட்டுவிடுங்கள். ‘வைல் இஷ் ம்யூடெ பின்’ என்பதைப் பாருங்கள். ‘நான் சோர்வாக இருப்பதால்’ என்று பொருள். நம் வாக்கியத்தைப் போலவே வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கிலம் வழியாக வருபவர் இங்கே தடுமாறுவார், உங்களுக்கு இது பழகின தெருதான். அப்புறம், அந்த ‘ம்யூடெ’யில் வரும் ஒலி தமிழ் எழுத்தில் சரியாக அடங்காது. ‘ஈ’ என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’ சொல்வதுபோல் குவியுங்கள். வருகிறதா? அந்த ஒலிதான். இதற்கெல்லாம் வாய் பழக வேண்டும். ஒரு நிமிட ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு, வாரம் முழுக்க அதையே போட்டு, பேசுபவரோடு சேர்ந்தே பேசுங்கள். வாரக் கடைசியில் உங்கள் குரலைப் பதிவுசெய்து கேளுங்கள்.

படம் பார்ப்பதென்றால் ஜெர்மன் வசன வரிகளோடு பாருங்கள். தெரிந்த மொழி வரிகள் ஓடினால் காது வேலை செய்வதை நிறுத்திவிடும்.

எவ்வளவு காலம் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் சொல்கிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜெர்மன் கற்பிக்க ஒதுக்கும் காலம் சுமார் 36 வாரங்கள், ஜப்பானியத்துக்கு 88. அதுவும் வேறு வேலையில்லாத முழுநேர வகுப்பு. அதாவது பல நூறு மணி நேரம். நீங்கள் இதுவரை கொடுத்திருப்பது ஏறக்குறைய 180 மணி. ஆக, நீங்கள் பின்தங்கவில்லை, பாதை நீளமானது, அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்துக்கு முன் இரண்டே வாக்கியங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி பழகிக்கொள்ளுங்கள். ‘லாங்ஸாமர், பிட்டெ’, இன்னும் மெதுவாக, தயவுசெய்து. ‘வீ ஸாக்ட் மான் டாஸ் அவுஃப் டாய்ட்ச்?’, இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? ஆரம்ப நிலையில் இருப்பவரிடம் மெதுவாகத்தான் பேச வேண்டும், அதைக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். அன்று உங்களிடம் கேட்ட அதே மனிதரிடம் வாரம் 15 நிமிடம் பேச முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முதல் வாரம், முந்தைய இரவு சொல்லிப் பார்த்த நாலு வாக்கியங்களையே அவரிடம் சொல்லுங்கள்.