ஐந்து வயது மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தரலாமா?

காரைக்குடியில் வசிக்கும் நீங்கள், ஐந்து வயது மகளுக்குக் குர்ஆன் ஓதலையும் பாடத்தையும் வீட்டிலேயே கற்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது; ஆனால் அதைச் செய்யாத பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை ஏதும் இல்லை. சான்றிதழுக்கு, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 14 வயது நிறைந்தவர்களைப் பத்தாம் வகுப்புக்குச் சேர்த்துக்கொள்கிறது.

சட்டத்தைவிட அன்றாட ஒழுங்குதான் கடினம். எங்கள் மகன் சுபுஹு எனும் அதிகாலைத் தொழுகைக்குப் பின் அலிஃப், பே என்று அரபு எழுத்துகளை எழுதிய கையோடு தமிழ் எழுத உட்கார்ந்தபோது, வலமிருந்து இடமாக எழுதிய பழக்கத்தில் ‘ட’வைத் திருப்பிப் போட்டான், ஓதலைக் காலைக்கும் தமிழைப் பிற்பகலுக்கும் பிரித்த பிறகே அது சரியானது. வாய்ப்பாட்டை, பூ வேலைப்பாடுள்ள ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், அந்தப் பூக்களை இரண்டிரண்டாக எண்ணித்தான் படித்தான் (அந்தத் தரையை விட்டு அவன் எழவே மாட்டான்).

ஓதலுக்காக மட்டும் பள்ளியைத் தவிர்க்க எண்ணினால், வேண்டாம் என்பேன். அதற்கு மாலை மக்தபு, அதாவது குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் வகுப்பு, போதும். பகலில் மூன்று மணி நேரமாவது பெற்றோரில் ஒருவர் பொறுமையாக உடன் உட்கார முடிந்தால் மட்டுமே தொடங்குங்கள்.