ஒரே பைட் இரண்டு முறை வந்தால் ஈப்ராம் கெட்டதா?

கேள்வி: திருவொற்றியூரில் லாரி எடை மேடைகளின் டிஸ்ப்ளே போர்டுகளைப் பழுது பார்க்கிறேன். 8031 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பும், அதன் புரோகிராம் இருக்கும் 27சி256 ஈப்ராமும் (மெமரி சிப்) உள்ள பழைய போர்டு ஒன்று அடிக்கடி ஹேங் ஆகிறது. லாஜிக் அனலைசரில் (சிக்னல்களைப் பதிவு செய்யும் கருவி) பிடித்த பைட்களை டிஸ்அசெம்பிளரில் (பைட்களைக் கட்டளைகளாக மாற்றிக் காட்டும் மென்பொருள்) போட்டேன். சில பைட்கள் இரட்டையாக வருகின்றன. நடுவே ரிட்டர்ன் (அழைத்த இடத்துக்குத் திரும்பும் கட்டளை) வருகிறது. ஆனால் புரோகிராம் எங்கும் திரும்பாமல் நேரே போகிறது. ஈப்ராம் போய்விட்டதா?

பதில்: இதை வைத்து ஈப்ராமைக் குறை சொல்ல முடியாது. 8031-இன் பழக்கமே அது. 12 கிளாக் கொண்ட ஒரு மெஷின் சைக்கிளில் அது இரண்டு பைட் எடுக்கும். கட்டளை ஒரே பைட்டில் முடிந்துவிட்டாலும் இரண்டாவதை எடுத்து, வேண்டாமென்று போட்டுவிட்டு, அதையே மறுபடி எடுக்கும். (வெளி ரேமைப் படிக்கும், எழுதும் மூவ்எக்ஸ் கட்டளை மட்டும் வேறு மாதிரி: ரேமைத் தொடும் நேரத்தில் இரண்டு ஃபெட்ச், அதாவது இரண்டு பைட் எடுப்பு, காணாமல் போகும்.)

பஸ்ஸில் (சிப்புகளை இணைக்கும் லைன்களில்) இப்படி வருகிறது என்று வையுங்கள் (இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் பைட்; எல்லாம் ஹெக்ஸ் எண்கள்):

0120 – 04
0121 – 74
0121 – 74
0122 – 22
0123 – …

04 என்றால் ஏ-யில் (கணக்குப் போடும் ரெஜிஸ்டர்) ஒன்று கூட்டு. 74 என்றால் அடுத்த பைட்டை ஏ-யில் போடு. ஆக, ஒன்று கூட்டு, பிறகு 22-ஐப் போடு, அவ்வளவுதான் புரோகிராம். உங்கள் டிஸ்அசெம்பிளரோ முகவரியைப் பார்க்காமல் பைட்களைக் கோக்கிறது. அதன் கண்ணுக்கு "74-ஐ ஏ-யில் போடு" ஆகிவிட்டது. மிஞ்சிய 22 ரிட்டர்னின் எண் என்பதால் ரிட்டர்ன் என்று எழுதிவிட்டது. நிஜ ரிட்டர்ன் என்றால், 0123-ஐ எடுத்து வேண்டாமென்று போட்டபின் முகவரி வேறு இடத்துக்குத் தாவும். இங்கே தாவாமல் 0123-இலிருந்து நேரே போகிறது, எனவே 22 வெறும் டேட்டா. முதலில் முகவரி, அப்புறம்தான் கட்டளை.

முகவரியையும் சேர்த்துப் பிடிக்க, அனலைசரில் 16 சேனல் இருந்தால் போர்ட் 0-வுக்கு (முகவரியின் கீழ்ப் பாதியும் பைட்டும் மாறி மாறி வரும் கால்கள்) எட்டு, ஏஎல்இ (முகவரியைப் பிடிக்கச் சொல்லும் சிக்னல்), பிசென் (ஈப்ராமைப் படிக்கும் சிக்னல்) இரண்டுக்கும் ஒவ்வொன்று, மீதி ஆறு போர்ட் 2-வின் (முகவரியின் மேல் பாதி) கீழ் பிட்களுக்கு. ஏஎல்இ இறங்கும்போது போர்ட் 0-வில் இருப்பது முகவரியின் கீழ்ப் பாதி. பிசென் ஏறுவதற்குச் சற்று முன் இருப்பது பைட். 32 கேபி ஈப்ராமில் இப்படி 16 கேபி வரைதான் பிரித்தறிய முடியும், பரவாயில்லை.

சரி, ஹேங்குக்கு வருவோம். எரிச்சலூட்டிய அந்த இரட்டை பைட்டே உங்களுக்கு இலவச டெஸ்ட். 0121-இல் ஒரு தடவை 74, மறு தடவை 70 வந்தால், பைட்டின் மூன்றாவது பிட்டான டி2 லைன் விட்டுவிட்டு வருகிறது. ஈப்ராமில் அது 13-ஆம் கால். எண்ணூர், திருவொற்றியூர் போர்டுகளில் கடல் காற்றுபட்டு சாக்கெட் கால்கள் பச்சை பூத்துக் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். தேய்த்துத் துடைப்பதைவிட, கடைந்த கால் உள்ள சாக்கெட்டாக மாற்றிவிடுங்கள்.

ஈப்ராமைக் கழற்றியதும் முதல் வேலையாகப் புரோகிராமரில் படித்து ஃபைலாக வையுங்கள். மேலே ஒட்டிய ஸ்டிக்கரைப் பிரிக்க வேண்டாம். எடையளவு அதிகாரி வைத்த முத்திரையை உடைத்துத்தானே போர்டை எடுத்தீர்கள்? மறுமுத்திரை வாங்காமல் மேடையில் லாரியை ஏற்றாதீர்கள்.