கறுப்பு வெள்ளைக் காடு என்றாலே சோகம்தானா?

கேள்வி: கறுப்பு வெள்ளையில் ஒரு காட்டு ஓவியம் வாங்கினேன். முன்னால் கருகருவென்று மரங்கள், நடுவில் வெறும் வெள்ளை. "ஓவியரின் மன இருள் இது, கரியால் வரைந்த அசல்" என்றார் விற்றவர். வீட்டுக்கு வருகிறவர்களோ படம் பாதியில் நிற்கிறது என்கிறார்கள். எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: மன இருளை முதலில் ஓரமாக வையுங்கள். கரியில் வரைந்தால் படம் கறுப்பாகத்தான் இருக்கும், அதற்காக ஓவியர் அழுதிருக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த வெள்ளையை. முன் மரத்தில் பட்டை வெடிப்புகூடத் தெரியும், அடுத்த வரிசை சாம்பல், அதற்கும் பின்னால் விளிம்பே கரைந்திருக்கும்; இடையில் இருக்கும் காற்றும் ஈரமும் தூரத்து மரத்தை வெளிறச் செய்வதைத்தான் ஓவியர் காட்டுகிறார். அப்படிக் கரைந்து கரைந்து கடைசியில் காகிதம் மட்டும் மிஞ்சினால் அது பனிமூட்டம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜப்பானிய ஓவியர் ஹசேகவா தோஹாகு மடிப்புத் திரைகளில் மையால் வரைந்த பைன் மரங்களிலும் பெரும்பகுதி வெற்றுக் காகிதம்தான், அதைப் பாதியில் விட்ட படம் என்று யார் சொல்கிறார்கள்?

வெள்ளை மரங்களுக்குப் பின்னால் இருந்தால் கண் உள்ளே போகும். மரங்கள் மேலும் கீழும் சட்டத்தை முட்டி அடைத்து நின்றால் மூச்சு முட்டும். சோகமா அமைதியா என்பதை இதை வைத்துச் சொல்லுங்கள், விற்றவர் சொன்ன கதையை வைத்து அல்ல. கதை சொல்லி விற்பது இந்தத் தொழிலில் தனிக் கலை! கூடவே ஒரு சான்றிதழும் வரும், அதையும் விற்பவரே அச்சடித்திருக்கலாம்.

கரியால் வரைந்த அசல்தானா என்று தெரிய, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கரி என்றால் காகிதத்தின் மேடுகளில் பொடி ஒட்டியிருக்கும், குழிகள் வெள்ளையாக இருக்கும். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சுப் பிரதி.

அச்சு என்றாலே போலி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். எட்சிங் என்று ஒன்று உண்டு, ஓவியர் செம்புத் தகட்டின் மேல் பூசிய மெழுகுப் பூச்சில் கோடு கீறி, அந்தக் கோடுகளை அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசிக் காகிதத்தில் அழுத்தி எடுப்பது. அச்சுதான், ஆனாலும் அசல். தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றி இருக்கும், அடியில் பென்சிலில் 12/50 என்று எழுதியிருக்கலாம், அதாவது 50 பிரதிகளில் 12ஆவது. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிவிட வேண்டாம், கணினி அச்சுக்கும் அதே பென்சிலால் எண் போடுகிறார்கள். பள்ளமும் இருக்கிறதா பாருங்கள். ஓரத்தை வெட்டிச் சட்டம் போட்டிருந்தால் பள்ளமும் போயிருக்கும், அப்போது அச்சுக்கலை தெரிந்தவரிடம்தான் காட்ட வேண்டும், விற்றவரிடம் அல்ல.

சட்டத்தைக் கழற்றினால் விரலால் தடவாதீர்கள், கரி என்றால் கையோடு வந்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலே பள்ளம் தெரியும்.