வாசகர் கேள்வி – பதில்: டேவிட் ஹியூமும் எல்லையோரத்து நியாயங்களும்

கேள்வி: ஐயா, அறிவு உணர்ச்சிகளுக்கு அடிமையாக இருக்கிறது, அப்படி இருப்பதே முறை என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுதியிருப்பதாகப் படித்தேன். சிந்திப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அறிவை இவ்வளவு தாழ்த்தலாமா?
– ஏலத்தோட்டக் கணக்கர், குமுளி

பதில்: எழுதியது உண்மைதான். 1739இல், தமது 27ஆம் வயதில், மனித இயல்பைப் பற்றிய தம் நூலில் எழுதினார். ஆனால் அவர் அறிவைத் தாழ்த்தவில்லை. அதன் வேலை எதுவென்று வரையறுத்தார். போக வேண்டிய ஊரை விருப்பமோ அச்சமோ தீர்மானிக்கிறது. வழியைக் கண்டுபிடித்துத் தருவதும், அப்படியோர் ஊரே இல்லையென்றால் அதை எடுத்துச் சொல்வதும் அறிவின் பணி.

குமுளியில் இருக்கும் நீங்கள் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 152 அடி. 1979இல் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் பணிகளுக்குப் பிறகு 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இலும் மீண்டும் 2014இலும் தீர்ப்பளித்தது. இந்த எண்கள் இரு மாநிலத்தாருக்கும் பொதுவானவை. ஆயினும், அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் குடியிருப்பவர் சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கற்பொடியும் கொண்டு எழுப்பிய அந்தச் சுவரின் வயதைத்தான் முதலில் சொல்வார். கம்பம் பள்ளத்தாக்கில் அதே நீரை நம்பி நெல் நடுபவர், நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு 2012இல் அணை உறுதியாக இருப்பதாக அறிக்கை தந்ததைத்தான் முதலில் சொல்வார். மொழி கூட இங்கே அவ்வளவாகப் பொருட்டில்லை. வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் நம் தமிழர்களும் மழை வலுக்கும் இரவுகளில் நீர்மட்டத்தை விசாரித்தபடிதான் படுக்கிறார்கள். ஒன்று உயிரச்சம், மற்றது பயிரச்சம். இரண்டுமே நியாயமான அச்சங்கள். நகைப்புக்குரியது வேறொன்று: இருவரும் தாம் அச்சத்தினால் பேசவில்லை, பொறியியல் பேசுகிறோம் என்று நம்புவது. (எல்லையின் இரு பக்கத்துத் தேநீர்க் கடைகளிலும் அணைப் பொறியாளர்களுக்குப் பஞ்சமே இல்லை.)

இந்தக் கிண்டலிலிருந்து ஹியூம் தம்மையும் விட்டுவைக்கவில்லை. ஐயத்தின் மேல் ஐயமாக அடுக்கிக்கொண்டே போய் மனம் இருண்ட பிறகு, நண்பர்களோடு உண்டு, பேசிச் சிரித்து, ஓர் ஆட்டம் பகடை ஆடி, மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், அந்த ஆராய்ச்சியெல்லாம் தமக்கே உயிரற்றதாகவும் கேலிக்குரியதாகவும் தோன்றுவதாக அதே நூலில் எழுதியிருக்கிறார்.

கேள்வி: 1995இல் பிள்ளையார் பால் குடித்ததைத் தம் கண்ணால் கண்டதாக என் தாயார் இன்றும் சொல்கிறார். அவர் பொய் பேசாதவர். ஹியூம் இதற்கு என்ன சொல்வார்?
– ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் தாயார் பொய் சொல்லவில்லை, கரண்டியில் பால் குறைந்ததை அவர் கண்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று நாடெங்கும் பலர் கண்டார்கள். கரண்டியின் விளிம்பு சிலையைத் தொட்டதும், பரப்பு இழுவிசையால் பால் வெளியே இழுபட்டு, கல்லின் மேல் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய படலமாக வழிந்து இறங்கியது. பாலில் நிறம் கலந்து ஊட்டிப் பார்த்த அறிவியலாளர்கள் அது வழிந்த தடத்தை எல்லோருக்கும் காட்டினார்கள். ஓர் அற்புதத்தைச் சொல்லும் சாட்சி தவறாக இருப்பது அந்த அற்புதத்தையும் விடப் பெரிய அதிசயமாக இருந்தாலொழிய அதை ஏற்காதீர்கள் என்பது 1748இல் அற்புதங்களைப் பற்றிய கட்டுரையில் ஹியூம் வைத்த அளவுகோல். சாட்சி பொய்யராக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஏமாந்தவராக இருந்தாலே போதும்.

அதே கட்டுரையில், நீர் உறைந்து கெட்டியாகும் என்பதை நம்ப மறுத்த ஓர் இந்திய இளவரசரைப் பற்றிச் சொல்லி, அவர் சரியாகத்தான் சிந்தித்தார் என்கிறார் ஹியூம். சில ஜனவரி விடியல்களில் மூணாற்றுத் தேயிலைக் கொழுந்து உறைபனியில் கருகிக் கிடப்பதைக் கண்டிராத பாலக்காட்டுச் சமவெளிக்காரர்கள் அந்த இளவரசரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. முறையாகச் சிந்தித்தும் தவறான முடிவுக்கு வரலாம் என்று ஒப்புக்கொள்ளும் இந்தப் பகுதியே அக்கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி: மனித மடமையைச் சாடிய ஹியூம் தாம் அதிலிருந்து தப்பினாரா?
– வாசகர், ஆரியங்காவு

பதில்: இல்லை. தேசங்களின் குணங்களைப் பற்றிய கட்டுரைக்கு அவர் 1753இல் சேர்த்த அடிக்குறிப்பில், கறுப்பின மக்கள் இயல்பிலேயே வெள்ளையருக்குத் தாழ்ந்தவர்கள் என்று கருதத் தோன்றுவதாக எழுதினார். ஜமைக்காவில் கல்வியில் சிறந்த கறுப்பர் ஒருவர் இருப்பதாகச் செய்தி வந்தபோது, அவரைச் சில சொற்களைத் தெளிவாகப் பேசும் கிளியோடு ஒப்பிட்டு ஒதுக்கிவிட்டார். அற்புதங்களுக்குச் சாட்சி கேட்டவர், தம் கருத்துக்கு எதிராக வந்த சாட்சியை விசாரிக்கவே இல்லை. 1770இல் ஸ்காட்லாந்தின் மற்றொரு தத்துவவாதி ஜேம்ஸ் பீட்டி இதைக் கண்டித்து எழுதினார்.

கேள்வி: ஐயவாதிகள் சாவு நெருங்கும்போது மனம் மாறிவிடுவார்களாமே?
– வாசகர், களியக்காவிளை

பதில்: ஹியூம் மாறவில்லை. அவர் 1776 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். கடைசி நாட்களில் அவரைச் சந்தித்த நண்பர், பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித், அந்தச் சந்திப்பைக் கடிதமாக எழுதி வெளியிட்டார். நம் புராணங்களில் வைதரணி இருப்பதுபோல் கிரேக்கருக்கும் மறுமைக்கு ஓர் ஆறு உண்டு. அங்கே ஓடம் விடுபவன் சாரோன். அவனிடம் என்ன சாக்குச் சொல்லித் தவணை கேட்கலாம் என்று ஹியூம் வேடிக்கையாக யோசித்தாராம். மக்களின் கண்களைத் திறக்க முயன்றுகொண்டிருக்கிறேன், இன்னும் சில ஆண்டுகள் விட்டால் சில மூடநம்பிக்கைகளாவது வீழ்வதைப் பார்த்துவிட்டு வருவேன் என்று கேட்டால், சாரோன் பொறுமையிழந்து, அதற்கு இன்னும் பல நூறு ஆண்டுகள் ஆகும், சோம்பேறியே, உடனே ஓடத்தில் ஏறு என்று அதட்டுவான் என்று அவரே சொல்லிச் சிரித்தாராம். பிரிட்டனின் வணிக முறை முழுவதையும் தாம் அதே ஆண்டு வெளியிட்ட நூலில் கடுமையாகத் தாக்கியதற்குக் கிடைத்ததைப் போலப் பத்து மடங்கு வசவு, தீங்கற்றதென்று தாம் எண்ணிய இந்த ஒரு கடிதத்துக்குக் கிடைத்ததாகப் பின்னாளில் ஸ்மித் எழுதினார்.