யூடித் லெய்ஸ்டரின் ஓவியங்கள் ஏன் பிரான்ஸ் ஹால்ஸ் பெயரில் இருந்தன?

ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பெயரில் பதிவதைத் தவறான பெயரேற்றம் எனலாம். லெய்ஸ்டர் (1609–1660) நெதர்லாந்தின் ஹார்லெம் நகர ஓவியர். முழுப் பெயர் எழுதாமல், பின்னிய இரண்டு எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும் மட்டும் போடுவது அவர் வழக்கம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த குறிதான். தலைமுறை மாறியதும் படிக்க ஆளில்லை. 1636இல் ஓவியர் மோலனாரை மணந்த பிறகு குறைவாகவே வரைந்தார். கணவர் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலிலேயே சில ஓவியங்கள் 'இறந்தவரின் மனைவி வரைந்தவை' என்றுதான் இருக்கின்றன. பெயரே இல்லை!

அதே ஊரின் புகழ்பெற்ற ஓவியர் ஹால்ஸின் பெயருக்கோ நல்ல விலை. உள்ளூர் நெய்யில் பெரிய கம்பெனி லேபிள் ஒட்டுவதுபோல, குறியை மறைத்து ஹால்ஸ் கையொப்பம் போட்டு விற்றார்கள். 1893இல் ஆய்வாளர் ஹாப்ஸ்டெட டி ஹ்ரோட் அந்தக் குறியை அடையாளம் கண்டார்.

லெய்ஸ்டர் வெறுமனே ஹால்ஸைப் பார்த்து வரைந்தவர் என்று நினைப்பது சரியல்ல: 1633லேயே ஓவியர் சங்க உறுப்பினராகி, சொந்தப் பட்டறையில் மாணவர்களுக்குக் கற்பித்தவர்.