பழைய பாம் டங்ஸ்டன் ஈ கையடக்கக் கருவி, உபுண்டு லினக்ஸில் ஜே-பைலட் என்ற மென்பொருளுடன் சிங்க் ஆகவில்லை (தகவல் ஒத்திசையவில்லை). கேபிளைச் செருகி சிங்க் பட்டனை அழுத்தினால் போர்ட்டே இல்லை என்கிறது. ஏன்?

நீங்கள் செய்த வரிசைதான் தப்பு. பென் டிரைவ் மாதிரி செருகியதும் தெரிகிற கருவி இல்லை இது. அதன் திரையில் ஹாட்சிங்க் என்ற சிங்க் பட்டனைத் தட்டும்வரை கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. செருகிய யுஎஸ்பி கருவிகளைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) பட்டியலில்கூட வராது.

கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) செய்திகள் தொடர்ந்து ஓடும்படி டெர்மினலில் டிமெசேஜ் (dmesg) கட்டளையைத் திறந்து வைத்துவிட்டு ஹாட்சிங்கைத் தட்டுங்கள். பாம் கருவிகளுக்கான 'விசர்' (visor) டிரைவர் விழித்துக்கொண்டு டிடிஒய்யுஎஸ்பி0 (ttyUSB0), டிடிஒய்யுஎஸ்பி1 (ttyUSB1) என்று இரண்டு போர்ட்களை உருவாக்க வேண்டும். ஒரு வரியும் வரவில்லையா? ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள், கேபிளையும் மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மினி யுஎஸ்பி கேபிள்கள் நிறைய உண்டு. 0830 என்ற பாம் நிறுவன அடையாள எண் தெரிந்தும் போர்ட் வராவிட்டால் விசர் மாட்யூல் (அந்த டிரைவர்) லோடு ஆகவில்லை என்று பொருள்.

சிங்க் நடப்பது வழக்கமாக டிடிஒய்யுஎஸ்பி1-இல். ஜே-பைலட் அமைப்பில் அதைக் கொடுத்துவிட்டு, முதலில் கருவியில் தட்டி, இரண்டு மூன்று விநாடி பொறுத்து ஜே-பைலட்டில் சிங்க் அழுத்துங்கள். ரொம்பத் தாமதித்தால் கருவி சலித்துப்போய்த் துண்டித்துக்கொள்ளும், போர்ட்டும் மறைந்துவிடும்.

'அனுமதி இல்லை' என்று வந்தால் உங்கள் பயனர் கணக்கை, இத்தகைய போர்ட்களைப் பயன்படுத்த அனுமதியுள்ள டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். சிஎச்மாட் (chmod) கட்டளையால் போர்ட்டின் அனுமதியை மாற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். போர்ட் ஒவ்வொரு தடவையும் புதிதாக உருவாகிறது. நீங்கள் கொடுத்த அனுமதி பழையதோடு போய்விடும்.

என்னைக் கேட்டால் இந்தப் போர்ட் வழியையே விட்டுவிடலாம். ஜே-பைலட் பயன்படுத்தும் பைலட்-லிங்க் மென்பொருள், 0.12 பதிப்பு முதல் லிப்யுஎஸ்பி (libusb) என்ற யுஎஸ்பி நூலகம் மூலம் கருவியோடு நேரடியாகப் பேசும். போர்ட் இடத்தில் 'யுஎஸ்பி' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில், முக்காற்புள்ளியோடு (usb:) கொடுங்கள் (புள்ளி விட்டுப்போனால் வேலை செய்யாது). கூடவே விசர் மாட்யூல் தானாக லோடு ஆகாதபடி மோட்ப்ரோப் (modprobe) அமைப்பில் அதை பிளாக்லிஸ்ட் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் கெர்னல் முந்திக்கொண்டு கருவியைப் பிடித்துவிடும், லிப்யுஎஸ்பிக்குக் கிடைக்காது.

இணைப்பு கிடைத்தும் சிங்க் மறுக்கிறதா? ஹார்ட் ரீசெட் ஆன (எல்லாத் தகவலும் அழிந்த) கருவியில் பயனர் பெயரும் எண்ணும் காலியாக இருக்கும். ஜே-பைலட்டின் ஃபைல் மெனுவில் இன்ஸ்டால் யூசர் மூலம், முன்பு வைத்திருந்த அதே பெயரையும் எண்ணையும் ஏற்றிவிட்டுப் பிறகு சிங்க் செய்யுங்கள்.