பத்துப் புத்தகம் எதற்கு?

கேள்வி: ரமலானில் இஸ்லாம் பற்றி நல்ல புத்தகங்களாகப் படிக்க ஆசை. மாதம் முடிவதற்குள் பத்துப் புத்தகமாவது முடித்துவிட வேண்டும் என்றிருக்கிறேன். முஸ்லிம் அல்லாத நண்பர் ஒருவரும் என்னோடு சேர்ந்து படிக்கிறேன் என்கிறார். ஒரு பட்டியல் தருவீர்களா?

பதில்: பட்டியல் போடுவது சுலபம். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குர்ஆனைப் பொருள் புரிந்து, முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை படித்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இது குர்ஆன் இறங்கிய மாதம் என்று அந்த வேதமே சொல்கிறது (2:185, அதாவது 2ஆவது அத்தியாயம், 185ஆவது வசனம்). ஹதீஸ் என்கிற நபிமொழிக் கலையின் பெரும் இமாமான மாலிக், ரமலான் வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டுக் குர்ஆனோடு உட்கார்ந்துவிடுவார் என்று சொல்வார்கள். நமக்கென்ன பத்துப் புத்தக அவசரம்?

ஓதி முடிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 30 பாகம், 30 நாள், கணக்கு கச்சிதம். அதன் நன்மையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது படிப்பதற்கு. அதனால் விளக்கக் குறிப்புகளோடு கூடிய குர்ஆன் மொழிபெயர்ப்பு ஒன்றை முதலில் எடுங்கள். குறிப்பில்லாத பதிப்பு இப்போது வேண்டாம். ஏன் என்றால், ‘வைகறையின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து தெளிவாகும் வரை உண்ணுங்கள், பருகுங்கள்’ என்கிற வசனம் (2:187) வந்தபோது அதீ பின் ஹாத்திம் என்ற நபித்தோழர் நிஜமாகவே ஒரு கறுப்புக் கயிற்றையும் வெள்ளைக் கயிற்றையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாள் நபிகள் நாயகத்திடம் போய்ச் சொன்னார். ‘உம்முடைய தலையணை ரொம்பப் பெரிதுதான், அது இரவின் கருமையும் பகலின் வெண்மையும்’ என்ற பொருளில் பதில் வந்தது. புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிற செய்தி இது. அரபியே தாய்மொழியான, நபியிடமே நேரில் கேட்க முடிந்த ஒருவருக்கு விளக்கம் தேவைப்பட்டது. நமக்கு வேண்டாமா?

நோன்பைப் பற்றிய அந்த ஐந்து வசனங்களுக்கு (2:183-187) மட்டும் இரண்டு நாள் கொடுத்தாலும் தப்பில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் உள்ள சலுகை ஒரு பக்கம், இரவு நேரச் சட்டங்கள் மறுபக்கம். நடுவில் 186ஆவது வசனத்தில் நோன்பு என்ற பேச்சே கிடையாது: ‘நான் அருகில்தான் இருக்கிறேன், அழைப்பவரின் அழைப்புக்குப் பதில் அளிக்கிறேன்’ என்று இருக்கும். சட்டத்துக்கு நடுவே இது ஏன் வந்து உட்கார்ந்தது என்று விரிவுரையில் தேடிப் பாருங்கள். ஒரு முழுப் புத்தகம் படித்த பலன் அதிலேயே கிடைக்கும்.

அப்புறம், இந்த மாதம் வந்தாலே கைக்குக் கை மாறும் ‘ரமலான் சிறப்புகள்’ வகைப் புத்தகங்கள். வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். முதல் பத்து நாள் அருள், நடுப் பத்து மன்னிப்பு, கடைசிப் பத்து நரக விடுதலை என்ற செய்தி அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். அதைப் பதிவு செய்த இமாம் இப்னு குஸைமாவே, ‘இச்செய்தி சரியாக இருக்குமானால்’ என்று தலைப்பிலேயே ஒரு நிபந்தனை போட்டுத்தான் பதிவு செய்தார். அதன் அறிவிப்பாளர் வரிசை, அதாவது செய்தியை ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிவந்தவர்களின் தொடர், பலவீனமானது என்று ஹதீஸ் ஆய்வாளர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கையில் உள்ள புத்தகம் இதை ஒரு வரியாவது சொல்கிறதா? நூல் பெயர், எண் எதுவும் தராமல் வெறுமனே ‘நபிகள் நாயகம் சொன்னார்கள்’ என்று ஓடுகிறதா? இரண்டாவது ரகம் என்றால் கீழே வைத்துவிடுங்கள், அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

ஹதீஸ் படிக்க வேண்டுமென்றால் 1277இல் மறைந்த இமாம் நவவியின் ‘நாற்பது ஹதீஸ்’ போதும். பெயரில்தான் நாற்பது, உள்ளே 42. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு எடுத்தால் மாதத்துக்குள் முடிந்துவிடும். நபிகள் நாயகத்தின் வாழ்க்கை வரலாற்றில் இந்த மாதத்துக்கென்றே இரண்டு அத்தியாயங்கள் உண்டு: 624இல் நடந்த பத்ருப் போரும் 630இல் நடந்த மக்கா வெற்றியும். இரண்டும் ரமலானில் நடந்தவை. இப்னு இஸ்ஹாக் எழுதிய நபி வரலாறு முக்கியமாக இப்னு ஹிஷாம் என்ற பிற்கால அறிஞர் வழியாகத்தான் நமக்கு வந்தது. பின்னால் வந்த வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அதைத் தொட்டுத்தான் நடக்கின்றன. அதை ஒப்புக்கொண்டு எழுதும் ஆசிரியராகப் பார்த்து எடுங்கள். இயக்கத்துக்கு இயக்கம் எழுதிக்கொள்ளும் மறுப்பு நூல்களை மட்டும் தயவுசெய்து இந்த மாதம் தொடாதீர்கள். நோன்பு வைத்துக்கொண்டு கோபத்தை வளர்ப்பானேன்?

நண்பரை ‘அல்பகரா’விலிருந்து தொடங்கச் சொல்லாதீர்கள். 286 வசனங்கள் கொண்ட மிக நீண்ட அத்தியாயம் அது. குர்ஆன் கால வரிசையிலும் இல்லை என்பதால், கதைபோல ஆதி முதல் அந்தம் வரை போகும் என்று எதிர்பார்த்து வருபவர் திணறிவிடுவார். 12ஆவது அத்தியாயமான யூசுஃபை முதலில் கொடுங்கள். 111 வசனங்களில் அநேகமாக முழுவதும் ஒரே வரலாறு. அடுத்து மர்யம். அவர் ஏதாவது கேட்டால் உடனே வாதாடக் கிளம்பிவிடாதீர்கள். தெரியாததைக் குறித்துவைத்து, மார்க்கம் கற்ற ஓர் ஆலிமிடம் அவரையும் அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.